ரெசின் வார்ப்பு வேலையில் நேரும் பிழைகளும் அவற்றின் நிவாரணமும்

தறியில் மிஞ்சிய துண்டுத் துணியையும் வயலில் கொய்த கதிரையும் பூவையும் கண்ணாடி போன்ற ஒரு பொருளுக்குள் பதித்து, சாவி வளையம், சுவர்த்தட்டு, பெயர்ப்பலகை, காதணி முதலியன செய்து விற்கும் வேலை நம் அங்கத்தினர் குடும்பங்கள் சிலவற்றில் புகுந்திருக்கிறது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையிலுள்ள கடலோரப் பேட்டைகளில் பெண்கள் இதனை ஓய்வு நேரத் தொழிலாக மேற்கொள்ள முன்வருகின்றனர். இதற்குத் தறி போடுமளவு இடம் வேண்டுவதில்லை. பெரிய மூலதனமும் வேண்டுவதில்லை. ஆயினும் தொடங்கிய வேகத்திலேயே கைவிடுவோரும் உளர். வார்த்த பண்டம் மூன்று நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. மேற்புறம் பாலாடை போல் வெளுக்கிறது. உள்ளே குமிழிகள் நிறைகின்றன. சில வேளை கலக்கிய கோப்பையே புகைந்து உருகுகிறது. உடனே "சரக்கு மோசம்" என்று கடைக்காரர்மீது பழி சுமத்துகிறோம். உண்மையில் சரக்கு மோசமாயிருப்பது அபூர்வம். பிழைகளிற் பெரும்பாலானவை அச்சில் ஊற்றுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. அவை யாவை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்குவோம்.

அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பாலிஷ் உலர்வதைப் பார்த்திருக்கிறோம். சாராயம் ஆவியாகப் போய்விட, அரக்கு மட்டும் தங்கி இறுகுகிறது. எப்பாக்ஸி ரெசின் அவ்வாறு உலர்வதன்று. அதில் ஆவியாகிப் போகவேண்டியது அனேகமாய் ஒன்றுமில்லை. ஒரு புட்டியில் ரெசினும் மற்றொரு புட்டியில் ஹார்டனரும் வருகின்றன அல்லவா? ரெசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கரி அணுக்களும் ஒரு பிராணவாயு அணுவும் கூடிய சிறு முக்கோண வளையம் உண்டு. ஹார்டனரிலுள்ள அமைன் என்னும் பொருளின் ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றும் அத்தகைய வளையம் ஒன்றைத் திறந்து அதனோடு பிணைந்துகொள்கிறது. ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு வளையம் என்பதே கணக்கு. நாப்தால் சாயம் தோய்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முதல் தொட்டியில் நனைத்த நூல் சிவப்பதில்லை. இரண்டாம் தொட்டியிலுள்ள பொருளோடு கூடும்போதே சிவப்பு பிறக்கிறது. எனவே ஹார்டனர் என்பது ரெசினை விரைவில் இறுகச் செய்வதற்காகச் சேர்க்கும் மருந்தன்று. ஊடையில்லாமல் துணியில்லாதது போல, அஃதின்றி அப்பண்டமே இல்லை. குறைந்தால் பிணையாத ரெசின் பிசுபிசுப்பாய் நிற்கும். மிகுந்தால் பிணையாத ஹார்டனர் உள்ளே தங்கிப் பண்டத்தை மெதுவாக்கும்.

இப்பொருள் ஸ்விட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்பவரும் அமெரிக்காவில் கிரீன்லீ என்பவரும் தனித்தனியே செய்த ஆராய்ச்சியின் பயனாகும். 1946 இல் "அரால்டைட்" என்னும் பெயருடன் பசையாக விற்பனைக்கு வந்தது. நமக்கும் இது அவ்வளவு தூரத்துப் பொருளன்று. எப்பாக்ஸிக்கு மூலப்பொருளான எபிகுளோரோஹைட்ரினை, நம் அண்டையிலுள்ள மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்ததுண்டு.

படகு ரெசின் வேறு, வார்ப்பு ரெசின் வேறு

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பத்தை இங்குக் கூறவேண்டும். காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டி ஃபைபர் படகு கட்டுவோரும் பழுது பார்ப்போரும் பலர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமிக்குப் பின்னர்க் கட்டுமரங்களின் இடத்தை இப்படகுகள் மிக விரைவாகப் பிடித்துக்கொண்டன. ஆகவே ரெசின் என்றவுடன் நம்மவர் யோசனை கேட்பது படகு வேலைக்காரரிடந்தான். அவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கையாளுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதில் சேர்க்கும் கேடலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அது நெருப்பு மூட்டும் தீக்குச்சி போல வினையைத் தொடங்கி வைக்கிறதேயன்றி, சம பங்காளியாக அதில் சேர்வதில்லை. ஆகவே வெயில் நாளில் சற்றுக் குறைத்தும் மழை நாளில் சற்றுக் கூட்டியும் விடுவது அத்தொழிலில் முறையே.

எப்பாக்ஸியில் அம்முறை பலிக்காது. இக்கட்டுரை எழுதுபவனே ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில், படகு வேலை தெரிந்த உறவினர் ஒருவரின் சொற்படி ஹார்டனரைக் கால் பங்கு கூட்டிப் பன்னிரண்டு தட்டுகள் வார்த்தேன். அவை இறுகின, ஆனால் வளைத்தால் வளைந்தன. ஒரு வாரம் வெயிலில் வைத்தும் நமத்துப்போன அப்பளம் போலவே இருந்தன. பன்னிரண்டும் நஷ்டம். குளிர்காலத்திலும் கோடையிலும் விகிதம் ஒன்றே. வேகம் வேண்டின், விரைவாய் இறுகும் வேறு ஹார்டனரை வாங்கவேண்டுமேயொழிய, இருப்பதைக் கூட்டலாகாது.

படகுச் சாமான் கடையில் பாலியெஸ்டரையே மலிவென்று வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதனுடன் விற்கப்படும் கேடலிஸ்டையும் கோபால்ட் கலந்த திரவத்தையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக்கூடாது, தீப்பற்றி வெடிக்கும். மேலும் அதன் கடுநெடி குடியிருக்கும் அறைக்கு ஏற்றதன்று. மரத்தில் எப்பாக்ஸி பிடிப்பது போல் அது பிடிப்பதுமில்லை.

நிறுப்பதும் கலக்குவதும்

புட்டியின்மீது "இரண்டுக்கு ஒன்று" என்று எழுதியிருந்தால், அது அளவையாலா நிறையாலா என்று முதலிற் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ரெசின் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. ஹார்டனர் பெரும்பாலும் தண்ணீரைவிடச் சற்று இலேசானது. உதாரணமாக, ஒரு மில்லிலிட்டர் ரெசின் 1.12 கிராமும் ஹார்டனர் 0.96 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். அளவையால் இரண்டுக்கு ஒன்று என்பது நிறையால் 100 க்கு 43 ஆகிறது. இதை அறியாமல் தராசில் 100 க்கு 50 வைத்தால் ஹார்டனர் ஆறில் ஒரு பங்கு மிகுந்துவிடும். அளவைக் குறிப்பு மட்டும் இருந்தால் கோடிட்ட கோப்பையால் அளக்க; நிறைக் குறிப்பு இருந்தால் தராசால் நிறுக்க. சிறு பண்டங்களுக்குத் தராசே நல்லது. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் மின் தராசு அவசியம்; காய்கறி நிறுக்கும் தராசு பயன்படாது.

கலக்குவதில் அவசரம் கூடாது. தட்டையான குச்சியால் கோப்பையின் சுவரையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி, மூன்று நிமிடத்திற்குக் குறையாமல் மெதுவாகக் கலக்கவேண்டும். பின்பு மற்றொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம் கலக்குக. முதற் கோப்பையின் சுவரில் ஒட்டியுள்ளது சரிவரக் கலவாத சரக்கு. சிக்கனம் கருதி அதை வழித்து அச்சில் விடுவதே பல பண்டங்களுக்கு யமனாகிறது.

ஒட்டும் பண்டம் ஒன்று கைக்கு வந்தால் காரணத்தை இவ்வாறு துருவலாம். எங்கும் ஒரே சீராய் மெதுவாயிருப்பின் விகிதம் தவறியது. ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பசையாகவும் இருப்பின் கலக்கியது போதாது. எங்கும் இறுகி, மேலே மட்டும் எண்ணெய்ப் பசை போல் வழுக்கினால் அது காற்றின் ஈரத்தால் வந்தது. அதைப் பின்னர்ச் சொல்வோம். முதல்வகையில் திரவமாயும் பிசினாயும் உள்ளதைச் சுரண்டி எறிவதன்றி வேறு வழியில்லை. மேலே ஹார்டனரைத் தடவினால் குணம் ஏற்படாது. இரண்டாம் வகையில் மெதுவான இடத்தை மட்டும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சரியாகக் கலந்த புதுச் சரக்கை ஊற்றலாம். உப்புத்தாளின் தரத்தைப் பற்றித் திருவொற்றியூர்க்காரர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1954 இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் அவ்வூரில் வேரூன்றியதே.

வெப்பம்

பிணைப்பு நிகழும்போதெல்லாம் வெப்பம் பிறக்கிறது. தட்டில் மெல்லியதாய்ப் பரப்பிய ரெசினில் அவ்வெப்பம் காற்றிற் கலந்துவிடும். கோப்பையில் குவிந்த ரெசினில் அது வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, வினையை மேலும் தூண்டி, கொதிநீரின் சூட்டையும் கடந்துவிடும். கலக்கிய 200 கிராமை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாமென்று போவோர் திரும்பும்போது புகையைக் காண்பது இதனாலேயே. அங்ஙனம் கோப்பை சுடத் தொடங்கினால் திறந்த வெளியில் மண்ணின்மேல் கொண்டுபோய் வைக்கவேண்டும், குப்பைக்கூடையிற் போடலாகாது.

பத்து டிகிரி சூடு ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். புட்டியில் குறித்துள்ள நேரம் பெரும்பாலும் 25 டிகிரி சென்டிகிரேடிற்கு உரியது. 40 நிமிடம் என்று கண்டிருந்தால், நம் சித்திரை வைகாசியில் 35 டிகிரி அறையில் 20 நிமிடமே கிடைக்கும். ஆகவே கோடையில் சிறிது சிறிதாகக் கலக்குக. கலக்கியவுடன் அச்சுகளில் பகிர்ந்து ஊற்றிவிடுக. ஒரு தடவையில் எவ்வளவு கனத்திற்கு ஊற்றலாம் என்பது சரக்கிற்குச் சரக்கு மாறும். புட்டியின் குறிப்பை மீறி ஆழமாய் ஊற்றினால் பண்டம் பழுப்பேறி வெடிக்கும். கனமான பண்டத்தை அடுக்கடுக்காக ஊற்றுவதே முறை.

கடற்காற்றும் ஈரமும்

ஹார்டனரிலுள்ள அமைன் ரெசினோடு பிணைவதை விட்டுக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் கூடினால், மேலே மங்கலான வழுவழுப்பு படரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோரத்தில் இது சர்வ சாதாரணம். இதனால் பண்டம் கெட்டுவிட்டதென்று எறிந்துவிட வேண்டாம். அப்படலம் நீரில் கரையக்கூடியது. பண்டம் முற்றும் இறுகிய பின் வெந்நீரும் துணியும் கொண்டு கழுவித் துடைத்து, இலேசாக உப்புத்தாள் போட்டு, மறுபூச்சுப் பூசினால் தெளிவு திரும்பும். கழுவாமல் பூசினால் மேற்பூச்சு உரிந்துவிடும்.

இதனை வராமல் தடுப்பதற்கு எளிய உபாயம் உண்டு. வார்த்த அச்சுகளை ஒரு பெரிய மரப்பெட்டியால் மூடி, உள்ளே ஒரு பழைய குண்டு பல்பை எதிலும் படாதவாறு எரியவிடுக. 27 டிகிரிச் சூடும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 32 டிகிரிக்கு உயர்த்தினால், காற்றிலுள்ள நீர் அப்படியே இருந்தும் ஈரப்பதம் 64 சதவீதத்திற்கு இறங்கிவிடும். ஐந்து டிகிரிக்குள் இத்தனை பயன். விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். பிற்பகலிற் கடற்காற்று ஏறும். முற்பகல் ஒன்பது மணிக்குமேல் தொடங்குவது உசிதம். கடலோரத்தில் வைத்திருந்த மரப்பலகையில் உப்பு படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுக்குமாதலால் நல்ல நீரால் கழுவி நன்கு காயவைத்த பிறகே ரெசின் பூசவேண்டும்.

அப்பெட்டி மற்றோர் உபகாரமும் செய்யும். நம் பகுதியின் தூசு அனைவரும் அறிந்ததே. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவது நீதிமன்ற உத்தரவால் 2011 இல் நிறுத்தப்படும் வரையில் ராயபுரத்து மாடிகள் கறுத்திருந்தன. கரி எண்ணூருக்குப் போயிற்று. அங்குள்ள அங்கத்தினர் அனல்மின் நிலையச் சாம்பலையும் சேர்த்துத் துடைக்கின்றனர். இறுகாத ரெசின்மேல் விழுந்த துகள் உள்ளேயே நிலைத்துவிடும்.

துணியும் பூவும்

நெசவாளருக்கு உரிய பகுதி இது. திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். அவர் பெயரே மருவிக் "காலடி" ஆயிற்று. அத்தகைய ஊரில் துணியைப் பதித்து விற்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. ஆனால் துணி பார்வைக்கு உலர்ந்திருப்பினும் உண்மையில் உலர்ந்ததன்று. சாதாரணக் கணக்கின்படி முழுக்க உலர்ந்த 100 கிராம் பருத்தி காற்றிலிருந்து 8.5 கிராம் நீரையும், பட்டு 11 கிராம் நீரையும் ஏற்கும். மழைக்காலத்தில் இது மேலும் மிகும். இந்நீர் ரெசினுள் வெண்மையாயும் குமிழியாயும் தோன்றும். தறியிலிருந்து இறக்கிய துணியானால் பாவுக் கஞ்சியும் இருக்கும். அதைக் கழுவிப் போக்கி, வெயிலில் காயவைத்து, வார்ப்பதற்குச் சற்று முன் இஸ்திரி போட்டு, சூடு ஆறியவுடன் பதிக்கவேண்டும்.

மற்றொரு விந்தை. வெள்ளைப் பருத்தித் துணியை ரெசினில் அமிழ்த்தினால் எண்ணெய் பட்ட காகிதம் போலத் துணி மறைந்துவிடும். நாருக்கும் ரெசினுக்கும் ஒளியை வளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதே காரணம். ஃபைபர் படகில் கண்ணாடி நார் கண்ணுக்குத் தெரியாமற் போவதும் இதனாலேதான். வெண்மை நிற்கவேண்டுமானால் மரவேலைக்குரிய வெள்ளைப் பசையைத் துணியின் இருபுறமும் மெல்லியதாய்ப் பூசி, ஒரு நாள் உலரவிட்டுப் பின் பதிக்கவேண்டும். அடர்ந்த சாயமும் ஜரிகையும் பெரும்பாலும் தம் தோற்றத்தைக் காக்கும். சாயம் கசியுமா என்பதை ஒரு துண்டில் சோதித்தறிக.

பயிரிடுவோர் கொண்டுவரும் பொருள்களில் நெற்கதிர் மிக நல்லது. சேமிப்பு நெல்லுக்கு 14 சதவீத ஈரம் சரியென்று கொள்கிறோம். வார்ப்புக்கு அதுவும் மிகுதி. மல்லிகை எவ்வளவு காய்ந்தாலும் பழுப்பாகும். அதை நம்பி முதல் போடவேண்டாம். வாடாமல்லி பெயருக்கேற்ப உலர்ந்தும் நிறம் மாறாது, காகிதப்பூவும் அப்படியே. மற்றப் பூக்களைச் சிலிகா ஜெல் நிறைந்த டப்பியில் ஒரு வாரம் புதைத்து வைத்து, இதழ் ஒடியும் பதம் வந்தபின் எடுக்கலாம். பூவிலும் மரத்திலும் துணியிலும் காற்றறைகள் உண்டாதலால் முதலில் ரெசினை மெல்லியதாய்த் தடவி இறுகவிட்டு, அதன்மேல் வார்த்தால் குமிழி குறையும். ரெசின் புட்டியைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகிக் குமிழியை விட்டுவிடும். ஆனால் சூடான சரக்கு விரைவில் இறுகுமென்பதை மறக்கலாகாது.

விற்பதற்கு முன்

காபித் தம்ளர் வைக்கும் தட்டுகளுக்குக் கிராக்கி மிகுதி. திரும்பி வருவதும் அவைதாம். சாதாரண வார்ப்பு ரெசின் 50 அல்லது 60 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். நம்மவர் குடிக்கும் காபி அதனினும் சூடு. தம்ளரின் வளையம் தட்டில் பதிந்துவிடும். சூடு தாங்கும் சரக்கென்று குறித்ததை வாங்கினாலன்றி, இவற்றைக் குளிர்பானத்துக்கு மட்டும் என்று சீட்டு ஒட்டி விற்பதே நாணயம். உணவு பரிமாறும் தட்டாக விற்கவே கூடாது. வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்த பண்டம் காலப்போக்கில் மஞ்சளாகும் என்பதையும் வாங்குவோரிடம் சொல்லிவிடவேண்டும்.

இனி உடம்பைப் பற்றியது. பண்டம் கெட்டால் வேறு வார்க்கலாம். தோலில் ஒவ்வாமை வந்தால் தொழிலே போயிற்று. ரெசினும் ஹார்டனரும் தோலில் பலமுறை பட்டுவர, முதலில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று விரலிடையிலும் மணிக்கட்டிலும் கண்ணிமையிலும் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். அதன்பின் அணுவளவு பட்டாலும் திரும்ப வரும். பெரும்பாலும் அது ஆயுள்வரை நீங்குவதில்லை. நூலைத் தொட்டு வாழும் நெசவாளிக்குக் கையைவிட முதல் வேறில்லை. ஆகையால் நைட்ரில் கையுறை இன்றிப் புட்டியைத் திறக்கலாகாது. தோலில் பட்டால் துணியால் ஒற்றி எடுத்துச் சோப்பு நீரால் கழுவுக. ஸ்பிரிட், தின்னர் ஆகியவற்றால் தேய்த்தால் சரக்கு தோலுக்குள் மேலும் இறங்கும். உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தெளித்துத் தேய்த்து, முகமூடியும் அணிக; அரைகுறையாய் இறுகிய ரெசினின் தூள் மிகத் தீயது. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் இவ்வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். தாழ்வாரமோ மொட்டைமாடிக் கொட்டகையோ இல்லாதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு பொது இடத்தை ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அவ்வாறு சேர்வோர் சரக்கையும் கூட்டாக வாங்கினால் விலை குறையும். ஆனால் பெரிய டப்பாவை அடிக்கடி திறந்தால் ஹார்டனர் ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஈர்த்துக் கெடும். வந்தவுடனேயே சிறு புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடிப் பகிர்ந்துகொள்ளவேண்டும். ரெசினுக்கும் ஹார்டனருக்கும் மூடி மாறலாகாது. ரெசின் குருணையாய் உறைந்திருந்தால் 50 டிகிரி வெந்நீரில் புட்டியை வைத்தால் தெளியும். புதுச் சரக்கு ஒவ்வொன்றிலும் 30 கிராம் மட்டும் கலந்து வார்த்துப் பார்த்து, தேதி, நிறை, அறையின் சூடு, இறுகிய நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கவேண்டும். மிஞ்சிய ரெசினைச் சாக்கடையிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ கொட்டக்கூடாது. அவ்விரண்டும் போய்ச் சேருவது எண்ணூர்க் கழி. மிஞ்சியதையும் உரிய விகிதத்தில் கலந்து, பழைய தட்டில் மெல்லியதாய்ப் பரப்பி இறுகவிட்ட பிறகே குப்பையிற் சேர்க்கவேண்டும்.